வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11, அதற்கு முந்தைய வசனத்தில் எழுபது வருஷம்: வேதத்தை எப்படித்தான் படிப்பது?

மதுரைமல்லி
ஜனவரி 4, இரவு 10.12

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். ஒரு சந்தேகம், சண்டைக்காகக் கேட்கவில்லை.

31ஆம் தேதி இரவு ஆராதனை முடிந்து வழக்கம்போல ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சடித்தது) எடுத்தோம். எங்கள் சபையில் காணிக்கைத் தட்டிலேயே அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எனக்கு வந்தது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே." படித்ததும் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரருக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. அம்மா அட்டையை என் கையிலிருந்து வாங்கிப் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் சும்மா அந்த அதிகாரத்தை முழுக்கப் படித்தேன். பத்தாம் வசனம், "பாபிலோனிலே எழுபதுவருஷம் முடிந்தபின்பு" என்று ஆரம்பிக்கிறது! எனக்கு 41 வயசு. எழுபது வருஷம் கழித்து வருகிற சமாதானத்தை வைத்து நான் என்ன செய்ய?

ஆக, அந்த வசனம் எனக்கா, அவர்களுக்கா? ஒருத்தர் வருஷத்துக்கு ஒருமுறை முழு வேதாகமமும் முடி என்கிறார், இன்னொருத்தர் ஒரு வசனத்தை ஒரு வாரம் மென்று தின்னு என்கிறார், மூன்றாமவர் எபிரெயம் தெரியாமல் தொடாதே என்கிறார். நீங்கள் எல்லாம் எப்படிப் படிக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார்
ஜனவரி 4, இரவு 11.05

மகளே, நல்ல கேள்வி. நான் பாளையங்கோட்டைக்காரன். எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்றுதான்: தினம் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. மொத்தம் 1189 அதிகாரம். வருஷத்துக்குள் முடிந்து மூன்று நாலு நாள் மிச்சமிருக்கும், அது காய்ச்சலில் படுத்த நாளுக்கு. 38 வருஷமாக இதுதான்.

லேவியராகமத்தில் தூங்கியிருக்கிறேன், மறைக்கவில்லை. 1 நாளாகமம் முதல் ஒன்பது அதிகாரமும் வெறும் பெயர்ப் பட்டியல், பஸ் போர்டு படிக்கிற மாதிரி ஓட்டிவிடுவேன். ஆனால் முழுசாக ஓடுவதில் ஒரு லாபம் இருக்கிறது. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது பழகிவிடும். எரேமியா 29ஐ 27, 28 படித்த கையோடு படித்திருந்தால் அந்த எழுபது உன்னை இப்படித் தூக்கிப்போட்டிருக்காது.

ஜெபவீரன்
ஜனவரி 5, காலை 6.20

சிஸ்டர், குழம்பாதீங்க. அது உங்களுக்குத்தான். ஆயிரம் அட்டையில் அது உங்க கைக்கு வந்தது தற்செயலா? எனக்கு 2016ல் வந்த வசனம் அந்த வருஷமே நிறைவேறியது, சாட்சி சொல்லியிருக்கிறேன். அதிகாரம், பின்னணி, வரலாறு என்று ஆராய ஆரம்பித்தால் கடைசியில் விசுவாசம்தான் போகும். குழந்தை அப்பா கடிதத்தை இலக்கணம் பார்த்தா படிக்கும்?

ஏடும் எழுத்தாணியும்
ஜனவரி 5, காலை 9.48

பிரதர், கடிதம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எரேமியா 29 நிஜமாகவே ஒரு கடிதம்தான், எருசலேமிலிருந்து தீர்க்கதரிசி எரேமியா பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதினது. அதனால் கடிதம் வந்தால் பார்க்கிறதைப் பார்ப்போம்: யார் எழுதினது, யாருக்கு, எப்போது, எந்தப் பேச்சுக்குப் பதில்?

கி.மு. 597ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யூதாவின் ராஜா எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சர் கொல்லர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். நகரமும் ஆலயமும் அப்போது இடியவில்லை, அது 586ல். இடைப்பட்ட காலத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: எப்போது திரும்புவார்கள்?

28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் ஜனங்கள் முன்னால் நின்று, இரண்டே வருஷம், எல்லாரும் திரும்புவார்கள் என்கிறான். எரேமியா அப்போது கழுத்தில் மர நுகம் மாட்டிக்கொண்டு திரிகிறார், பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்று காட்டுவதற்காக. அனனியாவுக்கு அவர் முதலில் சொன்ன பதில் என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." கிண்டலாகச் சொன்னாரா, உள்ளபடியே ஆசைப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா எதுவும் பேசாமல் தன் வழியே போய்விடுகிறார். பதில் கையில் இல்லாததால் போனார் என்றுதான் நான் படிக்கிறேன். பிறகுதான் கர்த்தருடைய வார்த்தை வருகிறது: மர நுகம் போய் இரும்பு நுகம்.

இதற்கு அடுத்தாற்போல்தான் கடிதம் நிற்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள். அதாவது, பெட்டியைப் பிரித்து வையுங்கள், சீக்கிரம் கிளம்பப்போவதில்லை. அந்த ஜனங்களுக்கு இது கசப்பு மருந்து. மதுரைமல்லி அக்கா, உங்கள் அட்டையில் இருப்பது அந்த மருந்தோடு கொடுத்த சர்க்கரை. மருந்தை விட்டுவிட்டுச் சர்க்கரையை மட்டும் அச்சடித்திருக்கிறார்கள்.

எழுபதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 597லிருந்து எண்ணினால் பாரசீக ராஜா கோரேஸ் திரும்பிப்போக உத்தரவு கொடுத்த 538 வரை 59 வருஷம்தான். நேபுகாத்நேச்சார் பட்டத்துக்கு வந்த 605லிருந்து எண்ணினால் 67. ஆலயம் இடிந்த 586லிருந்து மறுபடி கட்டி முடித்த 516 வரை எண்ணினால் சரியாக 70. எதிலிருந்து எண்ணுவது என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ, சங்கீதம் 90 ஓர் ஆயுசுக்கு எழுபது என்கிறதே, அதுதான் காதில் விழுகிறது. கேட்கிற பெரியவர்களுக்கு அர்த்தம் இதுதான்: நீங்கள் அங்கேயே அடக்கமாவீர்கள், உங்கள் பேரப்பிள்ளைகள் திரும்புவார்கள்.

சும்மா வந்தவன்
ஜனவரி 5, காலை 11.30

நான் கிறிஸ்தவன் இல்லை, தமிழ் வகுப்பில் விவிலியத் தமிழ் பற்றிக் கட்டுரை எழுதப்போய் உள்ளே விழுந்தவன். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்குக் கிடைக்காத ஒரு துப்பு நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவருக்கும் பலருக்கும் 'யூ' ஒன்றுதான். அதனால் 29:11 தனக்கே தனக்கு என்று எடுத்துக்கொள்வது சுலபம். தமிழில் "உங்கள்பேரில்". பழைய மொழிபெயர்ப்பில் கடவுள் தனி ஆளிடம் பேசும்போது மரியாதைப் பன்மை கிடையாது, நீ, உன்தான். அங்கே 'உங்கள்' வந்தால் அது கூட்டம். எபிரெயத்திலும் பன்மைதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. மாற்கு 4:38ல் புயலில் சீஷர்கள் இயேசுவை எழுப்பி "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். ஒரே படகு! அவரும் சேர்ந்துதானே முழுகுவார்? நியாயமாக 'நாம்' என்றல்லவா வரவேண்டும். கிரேக்கத்தில் இந்த வித்தியாசமே கிடையாது, மொழிபெயர்த்தவர் முடிவெடுத்தே ஆகவேண்டும். 'நாங்கள்' என்று போட்ட மனுஷர் அந்தச் சீஷர்களின் கோபத்தைக் கேட்டிருக்கிறார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் சுற்றினேன்.

வேர்ச்சொல்
ஜனவரி 5, மதியம் 2.15

மூலமொழி இல்லாமல் எதுவும் நடக்காது. ஸ்ட்ராங் எண் (மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுத்த வரிசை எண்) போட்ட ஆப் இருந்தால் போதும். 29:11ல் 'எதிர்பார்த்திருக்கும்' என்ற இடத்தில் எபிரெயத்தில் 'திக்வா', எண் 8615. அதே சொல்தான் யோசுவா 2ல் ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூற்கயிற்றுக்கும்! ஆகவே இந்த வசனத்தில் மறைந்திருப்பது சிவப்புக் கயிறு, அதாவது இயேசுவின் இரத்தம். அப்போஸ்தலர் 1:8ல் 'பெலன்' என்பது கிரேக்கத்தில் 'துனாமிஸ்', டைனமைட் என்ற சொல் அதிலிருந்துதான் வந்தது. பரிசுத்த ஆவி என்றால் வெடிக்கிற சக்தி.

ஏடும் எழுத்தாணியும்
ஜனவரி 5, மதியம் 2.51

டைனமைட்டுக்கு நோபல் பேர் வைத்தது 1867ல். அப்போஸ்தலர் புத்தகத்தை லூக்கா எழுதும்போது மனதில் வெடிமருந்தா இருந்தது?

எண்ணெய் என்றால் எள்ளின் நெய். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் எள்ளைத் தேடுவீர்களா? சொல் எங்கே பிறந்தது என்பது வேறு, இந்த வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்பது வேறு. 'திக்வா' கயிறாகவும் வரும், நம்பிக்கையாகவும் வரும், உண்மை. நம் 'திங்கள்' நிலாவாகவும் வரும், கிழமையாகவும் வரும். திங்கட்கிழமை ஆபீஸ் போகிறவன் நிலாவுக்கா போகிறான்?

மூலமொழி வேண்டாம் என்று சொல்லவில்லை. 29:11ஐயே எடுங்கள். எபிரெயத்தில் 'முடிவும் நம்பிக்கையும்' என்று இரண்டு சொல். பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் சேர்த்து 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' என்று ஆக்கியது. 1995ல் வந்த திருவிவிலியம் என்ற புது மொழிபெயர்ப்பில் எதிர்காலம், நம்பிக்கை என்று இரண்டும் தனித்தனியாக நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எபிரெயம்கூடத் தேவையில்லை. இரண்டு மொழிபெயர்ப்பை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் போதும், எங்கே வேறுபடுகிறதோ அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஏழைகளின் எபிரெயம் என்று என் நண்பன் இதைச் சொல்லுவான்.

வேர்ச்சொல்
ஜனவரி 5, மதியம் 3.02

இறையியல் படித்தவர்களுக்கு எப்பவுமே இந்தத் திமிர்.

நெறியாளர்
ஜனவரி 5, மதியம் 3.20

வசனத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம். அடுத்த தடவை பதிவு நீக்கப்படும்.

கடலோரப் பையன்
ஜனவரி 5, இரவு 9.40

தூத்துக்குடிப் பக்கம், கத்தோலிக்கன். எங்க ஆச்சி காலத்தில் வீட்டில் செபமாலைதான், விவிலியம் கிடையாது. 1965ல் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு ஏடு, விசுவாசிகள் எல்லாரும் விவிலியத்தை எடுத்துப் படியுங்கள் என்று சொன்ன பிறகுதான் மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்தது. இப்போது அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் குழு) நாங்கள் செய்வது பழைய துறவிகளின் முறை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி இதை நாலு படி வைத்த ஏணியாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், செபம், அப்புறம் ஒன்றும் செய்யாமல் இருப்பது.

கேட்க அழகாக இருக்கும். நடப்பு வேறு. சாயங்காலம் ஏழு மணி, பதினைந்து பேர், பக்கத்து வீட்டில் சீரியல் சத்தம். ஒரு பகுதியை மெதுவாக வாசிப்பார்கள். மௌனம். மறுபடி வேறொருத்தர் வாசிப்பார். எந்தச் சொல் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று மட்டும் சொல்லவேண்டும், விளக்கம் கூடாது. போன மாதம் லூக்கா 5, "இரவு முழுவதும் உழைத்தும்" என்ற இடம். எப்போதும் வாயே திறக்காத ஒரு அண்ணன் "இரவு முழுவதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் படகு நாலு நாளாக டீசல் காசுகூட எடுக்கவில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆகையால் ஜெபவீரன் அண்ணனை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். புனித அகுஸ்தினார் 386ல் மிலானில் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, எடுத்துப் படி என்று ஒரு பிள்ளைக் குரல் கேட்டுப் புத்தகத்தைத் திறந்து, கண்ணில் பட்ட உரோமையர் 13ஆம் அதிகார வரிகளோடுதான் மனம் மாறினார். அதுவும் அட்டை எடுக்கிற மாதிரிதானே?

ஏடும் எழுத்தாணியும்
ஜனவரி 5, இரவு 10.05

சரி, அந்தப் பக்கத்துக்கு நானே ஒன்று தருகிறேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊரின் மொராவிய சபை 1731லிருந்து வருஷா வருஷம் நாளுக்கொரு வசனம் என்று புத்தகம் போடுகிறது. அந்த வசனங்களை இன்றைக்கும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஒன்று: அகுஸ்தினார் அந்த இரண்டு வரியோடு நிற்கவில்லை, மிச்ச வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து படித்தார்.

வாசல் வழியாக உள்ளே வருவதில் தப்பில்லை அக்கா. வாசலிலேயே பாய் விரித்துப் படுக்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

ராத்திரி ஷிப்ட்
ஜனவரி 6, அதிகாலை 3.30

கால் டாக்சி ஓட்டுகிறேன். படிக்க நேரம் இல்லை, கேட்கிறேன். மாற்கு முழுசும் ஒன்றரை மணி நேரம், ஏர்போர்ட் போய்த் திரும்பினால் முடிந்துவிடும். "உடனே", "உடனே" என்று வந்துகொண்டே இருக்கும், கண்ணால் படித்தபோது இது தெரியவில்லை. அவ்வளவுதான், சவாரி வந்துவிட்டது.

மொட்டைமாடி
ஜனவரி 6, காலை 8.15

நான் கண்ணகி நகர். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று.

எனக்கு ஒன்பது வயசிருக்கும்போது எங்கள் ஆற்றோரக் குடிசைகளைக் காலி பண்ணி, சாமான்களோடு லாரியில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். அம்மா வேலை செய்த வீடுகள் எல்லாம் பழைய இடத்தில். இரண்டு பஸ் மாறிப் போவார். முதல் இரண்டு வருஷம் அம்மா டிரங்குப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. திரும்ப விட்டுவிடுவார்கள் என்று யாரோ ஒருத்தர் வாராவாரம் வந்து சொல்லுவார். அனனியா கதையை இங்கே படித்ததும் எனக்கு அந்த ஆள் முகம்தான் வந்தது.

ஜெபக்கூட்டத்தில் ஒரு அண்ணன் 29:7ஐ வாசித்தார்: "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி." எங்கள் பெரியம்மா பட்டென்று கேட்டார், "பிடுங்கி எறிஞ்சவன் ஊருக்கு நான் ஏன்டா ஜெபம் பண்ணணும்?" யாரிடமும் பதில் இல்லை. அந்த அண்ணனும் சமாளிக்கவில்லை, புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பத்துப் பிரசங்கத்தில் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். எந்தப் பின்னணி நூலும் இல்லாமல், அந்தக் கடிதம் பாபிலோனில் வாசிக்கப்பட்டபோது கூட்டத்தில் என்ன சத்தம் எழுந்திருக்கும் என்று பெரியம்மா காட்டிவிட்டார். யார் படிக்கிறார்கள் என்பதும் ஒரு முறைதான் என்று சொல்லவந்தேன்.

ஏடும் எழுத்தாணியும்
ஜனவரி 6, காலை 9.02

மொட்டைமாடி, உங்கள் பெரியம்மா கேட்டதையே பாபிலோனில் ஒருவன் எழுத்தில் கேட்டிருக்கிறான். 29ஆம் அதிகாரத்தின் கடைசியில் பாருங்கள், செமாயா. சிறையிருப்பு நெடுநாள் இருக்கும், வீடு கட்டுங்கள் என்று எழுதியனுப்புகிற இந்த ஆளை ஏன் அடக்கவில்லை என்று எருசலேம் ஆசாரியனுக்குப் பதில் கடிதம் போடுகிறான். நான் அவனை இவ்வளவு நாளும் வில்லனாகவே படித்துவிட்டேன். அவன் சொன்னது பொய்தான். ஆனால் அவனுக்கும் ஒரு டிரங்குப் பெட்டி இருந்திருக்கும்.

இன்னொரு விஷயம். பாபிலோன் அரண்மனையின் களிமண் பலகைகளில் "யூதாவின் ராஜா" யோயாக்கீனுக்கு, அதாவது இந்த எகொனியாவுக்கு, படியளந்த எண்ணெய்க் கணக்கு கிடைத்திருக்கிறது, கி.மு. 592ஐச் சேர்ந்தது. 'யூதா ஊர்' என்றே பெயர் வைத்த ஒரு கிராமத்தின் பலகைகளும் வெளியாகியுள்ளன. அவற்றில் மிகப் பழையது கி.மு. 572. நிலம், வரி, பார்லி, பேரீச்சை, பாக்கிக் கணக்கு. பெயர்களைப் பார்த்தால் பல யூதப் பெயர்கள். கசந்துகொண்டாவது தோட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஜெபவீரன்
ஜனவரி 6, பகல் 12.40

மொட்டைமாடி பிரதர், உங்க அம்மாவுக்காக ஜெபிக்கிறேன். என் அட்டை விஷயத்தில் நான் மாறவில்லை. ஆனா 27லிருந்து 29 வரை நேற்று ராத்திரி படித்தேன். அனனியா அதே வருஷம் செத்துப்போனான் என்று இருக்கிறது. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மதுரைமல்லி
ஜனவரி 8, இரவு 9.55

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகக் குடும்ப ஜெபத்தில் 26லிருந்து ஆரம்பித்தோம். ஆளுக்கு ஐந்து வசனமாகச் சுற்றில் வாசிக்கிறோம். வீட்டுக்காரர் திருவிவிலியத்தை வைத்துக்கொள்வார், நான் பழையதை, எங்கே வேறுபடுகிறதோ அங்கே கையைத் தூக்கவேண்டும் என்று விதி. நாம்/நாங்கள் வேட்டையும் நடக்கிறது.

அட்டையை எடுத்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எடுத்த கையை உடைப்பேன். எழுபது வருஷம்னா என்ன, என் பேத்திக்கு ஆகட்டும்" என்கிறார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்கிற 29:6ஐ அவரும் படித்துவிட்டார் என்று அப்புறம்தான் உறைத்தது.

அம்மாவுக்கு இப்போது வேறு சந்தேகம். மூன்றாம் வசனத்தில் கடிதத்தைக் கொண்டுபோன இரண்டு பேர், எலெயாசா, கெமரியா. அவர்கள் ராஜா வேலையாக நேபுகாத்நேச்சாரிடம் போகிறவர்கள். "ராஜா தபால்ல இதைச் சொருகிக் கொடுத்துருக்காரே, அவங்களுக்கு எவ்வளவு தைரியம், யாரு அவங்க?" என்று விடாமல் கேட்கிறார். யாருக்காவது தெரியுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்
ஜனவரி 8, இரவு 10.30

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லு மகளே. ஒத்தவாக்கிய அகராதியை இறக்கித் தூசி தட்டவைத்துவிட்டார்.

எலெயாசா சாப்பானின் மகன். சாப்பானைப் பிடித்துக்கொள். 2 இராஜாக்கள் 22ல் ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாணச் சுருளை யோசியா ராஜா முன்னால் வாசித்த சம்பிரதி, அதாவது அரண்மனை எழுத்தர், அவர்தான். எரேமியா 26ல் ஜனங்கள் கையில் எரேமியா சாகாதபடி காப்பாற்றியது அகீக்காம், அவரும் சாப்பானின் மகன். 29ல் கடிதம் சுமந்தது எலெயாசா. 36ல் எரேமியாவின் எழுத்தர் பாருக்கு என்பவர் ஆலயத்தில் நின்று சுருளை வாசித்தது ஒரு கெமரியாவின் அறையில், இவரும் சாப்பானின் மகன்தான். (29:3ல் வருகிற கெமரியா வேறு, இல்க்கியாவின் மகன். நானும் பல வருஷம் இருவரையும் ஒருவர் என்றே நினைத்திருந்தேன்.) எருசலேம் விழுந்தபின் மிச்ச ஜனத்துக்குத் தலைவராக வைத்த கெதலியா, சாப்பானின் பேரன். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த வார்த்தைகளைப் பொத்திப் பொத்திக் காத்திருக்கிறது. 38 தடவை இந்தப் பெயர்களைப் பஸ் போர்டாக ஓட்டினவன் நான்.

36ஐப் படிக்கும்போது 2 இராஜாக்கள் 22:11ஐயும் விரல் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பான் வாசித்ததைக் கேட்டதும் யோசியா தன் வஸ்திரத்தைக் கிழித்தார். அவர் மகன் யோயாக்கீம் என்ன செய்தான் என்று பாருங்கள்.

மதுரைமல்லி
ஜனவரி 9, இரவு 10.40

ஐயா, அம்மா வாய் பிளந்து கேட்டார். சாப்பான் குடும்ப மரம் ஒன்றைப் பால் கணக்கு நோட்டில் வரைந்துவிட்டார், வீட்டில் அந்தக் காலத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். இன்றைக்கு நேராக 36க்குத் தாவினோம். பனிக்காலம், ராஜா முன்னால் கணப்பு எரிகிறது, மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்கச் சூரிக்கத்தியால் அறுத்து அறுத்துத் தீயில் போடுகிறான். கெமரியா எரிக்கவேண்டாம் என்று கெஞ்சுகிற இடத்துக்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. மீதி நாளைக்கு.